வீட்டுக்குப் பின்னால் நாட்டுக்கோழி: கோழி வாங்கும் முன் ஆக வேண்டியவை

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவு: திருச்சிக்கு வெளியே சொந்த வீடு, பின்புறம் மூன்று சென்ட் காலி இடம். வீட்டுக்கு முட்டையும் எப்போதாவது ஒரு சேவலும் கிடைத்தால் போதும். ஒரு நாள் குஞ்சு 50 வாங்கினால் மலிவு என்று ஒருவர் சொல்கிறார். சிறுவிடை வாங்குவதா, கடக்நாத் வாங்குவதா? நீங்கள் கேட்டது இனத்தைப் பற்றித்தான். ஆனால் போகிற போக்கில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள்: போன கோடையில் பக்கத்து வீட்டில் 12 கோழியும் ஒரே வாரத்தில் செத்துப்போனது, அந்தப் பக்கம் கீரி நடமாட்டம் இருப்பது. அப்படியென்றால் உண்மையான கேள்வி, வாங்குகிற கோழி முட்டையிடும் வயது வரை தங்குமா என்பதே. எந்த இனமாக இருந்தாலும் அது தங்குவதும் தங்காததும் கூண்டையும் தடுப்பூசியையும் பொறுத்தது. குஞ்சாக வாங்கினால் முதல் ஆறு வாரப் பராமரிப்பும் சேர்ந்துகொள்ளும். ஆகவே முதலில் கூண்டு கட்டுங்கள், அடுத்து தடுப்பூசிக்கு வழி பாருங்கள், கோழியைக் கடைசியாக வாங்குங்கள்.

50 குஞ்சு வேண்டாம். ஒரு நாள் குஞ்சை ஆண், பெண் பிரித்து யாரும் தருவதில்லை. ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் நிற்கும். நான்கு, ஐந்து மாதம் ஆனதும் அவை ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். விற்கவோ அறுக்கவோ வேண்டிவரும். மூன்று சென்ட் என்பது சுமார் 1,300 சதுர அடி. அதில் 50 கோழியை விட்டால் சில வாரங்களில் புல், பூச்சி எதுவும் மிஞ்சாது. அப்புறம் அது மேய்ச்சல் கோழி இல்லை, முழுத் தீவனமும் காசு கொடுத்து வாங்கிப் போடும் பண்ணை. வளர்ந்த நாட்டுக்கோழி ஒன்று நாளுக்கு 80 முதல் 100 கிராம் தின்னும். 50 கோழிக்கு நாலைந்து கிலோ என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் இடத்துக்கு மூன்று, நான்கு மாத வெடைக்கோழி (இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பெட்டை) ஆறு, சேவல் ஒன்று போதும். விலை குஞ்சைவிடப் பல மடங்கு இருக்கும்தான். ஆனால் சாவு அதிகம் விழும் காலத்தை அவை கடந்துவந்திருக்கும், இரண்டு மூன்று மாதத்தில் முட்டையும் வந்துவிடும். முட்டை மட்டும் போதும் என்றால் சேவல்கூடத் தேவையில்லை. சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும், அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி இருந்தால் விடிகாலை நாலு மணிக் கூவலையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இனத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிறுவிடை ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். 12, 15 முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். குஞ்சை நன்றாகக் காக்கும், பருந்து நிழல் பட்டாலே குரல் கொடுக்கும். பெருவிடை, அசீல் வகை கறிக்கும் சேவற்கட்டுக்கும் பேர் போனவை. முட்டை இன்னும் குறைவு, சேவல்களைச் சேர்த்து விட முடியாது. கடக்நாத் மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதிக் கோழி, 2018-ல் அதன் இறைச்சிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதிக விலை கொடுத்து வாங்கினால், அதே விலைக்கு விற்க ஆள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு முட்டைக்கு அது அவசியமில்லை. முட்டை எண்ணிக்கைதான் முக்கியம் என்றால் ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்குநரகத்தின் கிராமப்பிரியா, அல்லது நம் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம், நாமக்கல் வகைகளைப் பாருங்கள். சிறுவிடையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இடும், தீவனம் சரியாக இருந்தால். இவற்றில் பெரும்பாலும் அடை கிடையாது. கிராமப்பிரியா போன்றவை கலப்பில் வந்தவை என்பதால் அவற்றின் முட்டையைப் பொரிக்க வைத்தால் வரும் அடுத்த தலைமுறை அதே அளவு முட்டை தரும் என்று எதிர்பார்க்க முடியாது. நான்கு சிறுவிடை, இரண்டு கிராமப்பிரியா என்று கலந்து வைப்பது என் பரிந்துரை.

கூண்டுதான் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. ஏழெட்டுக் கோழிக்கு 4 அடிக்கு 4 அடி தரை, தரையிலிருந்து இரண்டரை, மூன்று அடி உயரத்தில் நாலு கால். அடித்தளத்துக்கு மர ரீப்பர்களை (மெல்லிய சட்டங்களை) அரை அங்குல இடைவெளி விட்டு அடித்தால் எச்சத்தில் பெரும்பகுதி கீழே விழுந்துவிடும். காலையில் கீழே கிடப்பதை வாரி, காய்ந்த சருகோடு கலந்து குப்பைக்குழியில் மக்கவிடலாம். பச்சை எச்சத்தை நேராகச் செடிக்குப் போடாதீர்கள், வேர் கருகும். உள்ளே உட்காரும் கம்பு ஒரு கோழிக்கு 8 அங்குல நீளம் வீதம், இரண்டு அங்குல அகலத்தில், விளிம்பு மழுக்கியதாக இருக்கட்டும். குழல் பைப்பில் கோழிக்குப் பிடிப்புக் கிடைக்காது. முட்டைக்குக் கூடை அல்லது அகலமான பழைய மண்சட்டி இரண்டு, ஒரு அடி அகலத்தில், வைக்கோல் போட்டு, கம்பைவிடத் தாழ்வாக வையுங்கள். உயரத்தில் இருப்பது எதுவோ அதில்தான் கோழி தூங்கும், முட்டைக்கூடை உயரத்தில் இருந்தால் இரவெல்லாம் அதில் எச்சம் விழும். கூரை தகரமோ சிமெண்ட் அட்டையோ ஆனால் மேலே தென்னங்கீற்று போடுங்கள், திருச்சி வெயிலுக்கு அது இல்லாமல் முடியாது. கூரை நாலு பக்கமும் ஒன்றரை, இரண்டு அடி வெளியே நீண்டிருந்தால் ஐப்பசி மழையில் சாரல் உள்ளே அடிக்காது. சதுரமாக இல்லாமல் நீளமாகக் கட்டுவதானால், நீளவாட்டம் கிழக்கு மேற்காக இருந்தால் நேர்வெயில் குறையும்.

வலையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் "கோழிவலை" என்று தரும் மெல்லிய அறுகோணக் கம்பி வலை கோழியை உள்ளே நிறுத்தத்தான் லாயக்கு. நாய் ஒரு இழுப்பில் கிழித்துவிடும், பெருச்சாளி கடித்துவிடும், கீரிக் குட்டி கண்ணி வழியாகவே நுழையும். இரவுக்கூண்டுக்கு அரை அங்குலக் கண்ணியுள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கெட்டிக் கம்பி வலை) போடுங்கள், ஆணியில் மாட்டாமல் சட்டத்தின் மேல் பட்டை வைத்துத் திருகாணியில் இறுக்குங்கள். கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழையும் சந்து இருந்தால் பாம்புக்கு அது வாசல். சாதாரணக் கொக்கியை நாய் மூக்கால் தள்ளித் திறக்கும். ஆகவே தாழ்ப்பாளோடு ஒரு கொக்கியும் வேண்டும். பகலில் விடும் இடத்தைச் சுற்றி ஆறடி வேலி போட்டால், அடிப்பக்கம் ஒரு அடி வலையை வெளிப்பக்கமாக மடித்து மண்ணுக்குள் புதைத்து மேலே கல் வையுங்கள். கீரி வேலி ஓரம் தோண்டத் தொடங்கி, வலையில் இடித்து விட்டுவிடும். குஞ்சு இருக்கும்போது காக்கையும் பருந்தும்தான் பகல் எதிரி. முதல் ஆறு வாரம் தாயோடு பஞ்சாரக் கூடைக்குள்ளோ வலை மூடிய இடத்திலோ வைத்திருப்பது நல்லது. கூண்டுக் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. பொரிந்து ஈரம் காயாத குஞ்சை எறும்பு மொய்த்துக் கொல்வது அடிக்கடி நடக்கும் சேதம்.

கோழியைச் சந்தையில் வாங்காதீர்கள். ஊரில் சீக்கு தொடங்கியதும் பலர் முதலில் செய்வது, மிச்சமுள்ளதைச் சந்தைக்குக் கொண்டுபோவது. வெளியே நன்றாகத் தெரியும் கோழி நாலு நாளில் தூங்கி விழும். தெரிந்த வீட்டிலோ, தடுப்பூசித் தேதியைச் சொல்லத் தெரிந்த வளர்ப்பாளரிடமோ, அரசுப் பண்ணையிலோ, வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேளுங்கள். வாங்கும்போது கண் தெளிவாக, மூக்கில் நீர் இல்லாமல், பின்பக்க இறகு எச்சம் ஒட்டாமல் இருக்கிறதா பாருங்கள். மார்பெலும்பைத் தடவினால் இரண்டு பக்கமும் சதை இருக்க வேண்டும், கத்தி முனை போலக் கையில் குத்தினால் அது குடற்புழுவோ நாள்பட்ட நோயோ. இறக்கையைத் தூக்கி அடிப்பக்கம் பேன், செல் போன்ற ஒட்டுப்பூச்சி இருக்கிறதா பாருங்கள். முதல் ஆறு கோழியும் ஒரே இடத்திலிருந்து வந்தால் நல்லது. பிறகு எப்போது புதுக்கோழி வாங்கினாலும் மூன்று வாரம் தனியே, வேறு தண்ணீர்ப் பாத்திரத்தோடு வைத்து, பழைய கோழிகளைக் கவனித்த பிறகே அதனிடம் போங்கள்.

பக்கத்து வீட்டில் ஒரே வாரத்தில் 12 கோழி போனது என்றால் முதல் சந்தேகம் வெள்ளைக்கழிச்சல், ராணிகேத் என்றும் சொல்வார்கள். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு விடும், தப்பிப் பிழைப்பதில் சில கழுத்து திருகி நிற்கும். ஆனாலும் செத்ததை அறுத்துப் பார்க்காமல் அதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கோழிக்காலரா, பறவைக்காய்ச்சல், பூச்சிமருந்து கலந்த விதை, எல்லாமே இப்படி ஒட்டுமொத்தமாகக் கொல்லும். எதுவாக இருந்தாலும் அந்த வீட்டு மண், கூண்டு, செருப்பு வழியாக உங்கள் பக்கம் வர வாய்ப்பு உண்டு. அவர்களிடமிருந்து பழைய கூண்டையோ தீவனத் தட்டையோ இரவல் வாங்காதீர்கள்.

வெள்ளைக்கழிச்சலுக்கு மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டுமே உண்டு. இதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. வழக்கமான முறை இது: குஞ்சுக்கு 5 முதல் 7-ம் நாளில் எஃப் அல்லது லசோட்டா என்ற சொட்டுத் தடுப்பு மருந்து, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாம் வாரம் அளவில் மறுபடி லசோட்டா, எட்டு வாரம் முடிந்ததும் ஆர்2பி என்ற தடுப்பூசி, அரை மில்லி, இறக்கைக்கு அடியில் தோலுக்குக் கீழே. எட்டு வாரத்துக்கு முன் ஆர்2பி போட்டால் அந்த மருந்தே குஞ்சுக்குக் கால் முடக்கம், நோய் என்று கொண்டுவரலாம். ஆறாம், ஏழாம் வாரத்தில் அம்மைத் தடுப்பூசியும் உண்டு. ஆர்2பியை ஆண்டுக்கு ஒருமுறை போட்டால் போதுமா, ஆறு மாதத்துக்கு ஒருமுறையா என்பதில் மருத்துவருக்கு மருத்துவர் கருத்து மாறும். சுற்றுவட்டாரத்தில் நோய் இருக்கும் இடத்தில் ஆறு மாதக் கணக்குதான் பாதுகாப்பு. நீங்கள் வாங்குவது மூன்று மாத வெடை என்றால், ஆர்2பி போட்டதாக விற்பவர் தேதி சொல்லாதபட்சத்தில், வந்து ஒரு வாரம் இளைப்பாறவிட்டு, நோயில்லை என்று உறுதி செய்துகொண்டு போடுங்கள். நோய் தொடங்கிய கோழிக்குத் தடுப்பூசி போட்டால் சாவைத் தடுக்காது.

சிறு அளவில் வளர்ப்பவருக்கு உள்ள சிக்கல், குப்பி 100 கோழிக்கு மேல் கணக்கில் வருவதும், கரைத்தால் இரண்டு மணி நேரத்தில் தீர்க்க வேண்டியிருப்பதும். இதற்கு வழி, தெருவில் கோழி வைத்திருக்கும் வீடுகளை எல்லாம் ஒரே நாளில் சேர்ப்பது. அவர்கள் கோழிக்கும் போட்டால் உங்கள் கோழிக்கும் பாதுகாப்பு. கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் இருவார கோழிக்கழிச்சல் (வெள்ளைக்கழிச்சல்தான்) தடுப்பூசி முகாம் நடத்துகிறது, இலவசம்தான்; கோடைக்கு முன் அதைத் தவறவிடாதீர்கள். மற்ற மாதங்களில் உங்கள் பகுதி மருந்தகத்தில் எந்தக் கிழமை போடுகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மருந்தைக் கடையில் வாங்கினால் ஐஸ் போட்ட பிளாஸ்கில்தான் கொண்டுவர வேண்டும். சட்டைப்பையில் வந்த குப்பி வெறும் தண்ணீர். "ஊசி போட்டும் செத்துவிட்டது" என்று வரும் புகாரில் பல, இந்தக் குளிர்ச்சி அறுந்ததால் வருவது. குடிநீரில் லசோட்டா கொடுப்பதென்றால் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் கூடாது. கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பொடி கலந்து, கோழிக்கு இரண்டு மணி நேரம் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து, பிறகு வையுங்கள்.

தீவனத்துக்கு வருவோம். "நாட்டுக்கோழிக்குத் தீவனமே வேண்டாம், தானாக மேயும்" என்பது தோப்பும் களமும் இருந்த வீட்டுக் கணக்கு. வேலி போட்ட மூன்று சென்டில் பாதித் தீனியாவது நீங்கள் போட வேண்டும். ஏழு கோழிக்கு நாளுக்கு 400 கிராம், காலையில் கொஞ்சம், மாலை அடையும் முன் மிச்சம். மாதம் 12 கிலோ ஆகும். வீட்டிலேயே கலப்பதானால் 10 கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு நாலரை கிலோ, அரிசிக் குருணை ஒன்றரை, தவிடு ஒன்று, சோயா அல்லது கடலைப் புண்ணாக்கு ஒன்றரை, உப்பிடாத கருவாட்டுத்தூள் ஒன்று, கிளிஞ்சல் தூள் 300 கிராம், தாது உப்புக் கலவை 200 கிராம். உப்புக் கருவாடு போட்டால் கழிச்சல் வரும், அதிகமானால் சாகும். புண்ணாக்கிலும் சோளத்திலும் பூஞ்சை வாடை, பச்சைப் படலம் தெரிந்தால் வெயிலில் காயவைத்துப் போடலாம் என்று நினைக்க வேண்டாம். பூஞ்சை செத்தாலும் அது விட்ட நஞ்சு வெயிலில் போகாது. ஈரல் கெடும், தடுப்பூசியும் சரியாகப் பிடிக்காது. அரிசியும் பழைய சோறும் மட்டும் போட்டு வளர்த்தால் கோழி கொழுக்கும், முட்டை வராது. முட்டைக்கோழிக்குக் கிளிஞ்சலை ஒரு தனிச் சட்டியிலும் வையுங்கள், தேவைப்பட்டதைப் பொறுக்கிக்கொள்ளும். கெட்டி ஓடில்லாத தோல்முட்டை வந்தால் முதலில் அந்தச் சட்டி காலியா என்று பாருங்கள். முட்டை ஓட்டை வறுத்து, தூளாக நொறுக்கித்தான் போட வேண்டும். ஓடு ஓடாகவே போட்டால் முட்டையைக் கொத்திக் குடிக்கும் பழக்கம் வந்துவிட வாய்ப்புண்டு, வந்தால் திருத்துவது கடினம்.

செலவைக் குறைக்க அசோலா என்ற, தண்ணீரில் மிதந்து வளரும் சிறு செடியைப் பற்றி நிறையக் கேட்டிருப்பீர்கள். காய்ந்த அசோலாவில் புரதம் 20 சதவீதத்துக்கு மேல் என்பது சரி. ஆனால் பச்சை அசோலாவில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். நூறு கிராம் பச்சையில் ஒன்றிரண்டு கிராம் புரதம்தான் தேறும். கீரையாகப் போடுங்கள், மஞ்சள் கரு நிறம் ஏறும்; புண்ணாக்கைக் குறைத்துவிடாதீர்கள். அதைவிடக் கரையான் பிடிப்பது பலன் தரும். ஒரு பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத் துண்டு, மக்கிய நார் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வையுங்கள். வாய் விளிம்பு மண்ணோடு ஒட்டியிருக்க வேண்டும், மேலே ஒரு கல். மறுநாள் விடிந்ததும் நிமிர்த்தினால் பத்துப் பதினைந்து குஞ்சுக்குப் போதுமான கரையான் இருக்கும். வெயில் ஏறினால் இறங்கிவிடும், எட்டு மணிக்குப் போய் நின்றால் வெறும் சாக்குதான். செம்மண் நிலத்தில் நன்றாக ஏறும். வீட்டு நிலைக்கதவு பக்கம் வைக்காதீர்கள்.

முதல் ஆண்டில் சிறுவிடை ஒன்று அடைக்கு உட்காரும்போது குஞ்சை வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம். ஏழு நாளுக்கு மேற்படாத, கழுவாத, ஓடு சீரான 10, 12 முட்டையை இரவில் வையுங்கள். அதற்கு முன் அடைக்கோழிக்குப் பேன் இருக்கிறதா என்று பாருங்கள். பேன் பிடித்த கோழி பாதியில் எழுந்துவிடும். ஏழாம் நாள் இருட்டில் செல்போன் டார்ச்சின் மேல் முட்டையின் தடித்த முனையை வைத்தால், கரு உள்ளதில் சிலந்திக்கால் போல சிவப்பு நரம்பு தெரியும். தெளிந்து ஒளி ஊடுருவினால் கூமுட்டை, எடுத்துவிடுங்கள். 21-ம் நாள் பொரிக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் பொரிப்பு குறையும், அதைத் தவிர்த்து மார்கழி, தை மாதங்களில் வைப்பது நல்லது. அடை வேண்டாத நேரத்தில் கோழி உட்கார்ந்தால், அடியில் காற்று போகும் கம்பிக்கூண்டில் தீனி தண்ணீரோடு மூன்று நாலு நாள் வைத்தால் கலைந்துவிடும். தண்ணீரில் முக்குவதும் மூக்கில் இறகு செருகுவதும் தேவையற்ற வதை.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நாள் குஞ்சுதான் வாங்குவேன் என்றால் 20-ல் நிறுத்துங்கள். அட்டையாலோ தகரத்தாலோ மூன்றரை அடி விட்டத்தில், ஒன்றரை அடி உயரத்தில் வட்டம் போடுங்கள். சதுரம் போட்டால் மூலையில் அமுங்கிச் சாகும். அடியில் காய்ந்த நிலக்கடலைத் தொலியோ நெல் உமியோ இரண்டு அங்குலம், முதல் மூன்று நாள் அதன் மேல் செய்தித்தாள். குஞ்சுக்கு இரண்டு வாட் கணக்கில் பழைய இழை பல்பு, ஒன்றாக இல்லாமல் இரண்டாக. நடு இரவில் ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும். எல்இடி பல்பில் வெளிச்சம் வரும், சூடு வராது. முதல் வாரம் குஞ்சு மட்டத்தில் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சே காட்டிக்கொடுக்கும். பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர். வாய் திறந்து ஓரம் ஒதுங்கினால் சூடு. எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் எதிர்ப்பக்கம் காற்று அடிக்கிறது. பரவலாகப் படுத்தால் சரி. வந்ததும் முதலில் தண்ணீர், ஒவ்வொன்றின் அலகையும் ஒருமுறை நனைத்து விடுங்கள். தட்டில் கூழாங்கல் போட்டால் மூழ்காது. இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத் தீனி. எட்டு வாரம் வரை குஞ்சுத்தீவனம். முட்டைக்கோழித் தீவனம் குஞ்சுக்குக் கூடாது, அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். மூன்றாம் வாரத்துக்கு மேல் எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் ரத்தக்கழிச்சல், ஈரமான படுக்கையில் பெருகுவது. ஈரமானதை உடனே அள்ளிப் போட்டுவிட்டுக் காய்ந்தது பரப்புங்கள், ஆம்ப்ரோலியம் மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் அன்றே தண்ணீரில் கொடுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் இழப்பு கூடும்.

நாட்டு வைத்தியத்தைப் பற்றி என் நிலை இது. அம்மைக் கொப்புளத்துக்கு வேப்பிலை, மஞ்சள் அரைத்துப் பூசுவதில் கெடுதலில்லை, ஈ மொய்க்காமல் காக்கும். பேனுக்குச் சாம்பலும் மணலும் கலந்த குழி உண்மையாகவே வேலை செய்கிறது. இரண்டடி அகலத்தில் கூரைக்குக் கீழே ஒன்று வைத்துவிடுங்கள், கோழி தானே புரளும். சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், கீழாநெல்லி உருண்டை கொடுத்தால் தீனி எடுக்கும், தெம்பு வரும் என்று பலர் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் அது வெள்ளைக்கழிச்சலைக் குணமாக்கும் என்பதற்கோ, தடுப்பூசிக்கு ஈடு என்பதற்கோ நம்பத்தக்க ஆதாரம் போதாது. நாட்டு முட்டை சத்தில் பல மடங்கு உயர்ந்தது என்பதும் அப்படித்தான்; கரு நிறமும் ருசியும் தீனியால் மாறும், புரதக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. குடற்புழு மருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுக் கணக்கு, உங்கள் மண்ணுக்கு அது அதிகமா குறைவா என்பதை எச்சத்தைப் பரிசோதித்தால்தான் சொல்ல முடியும். ஆன்டிபயாட்டிக் எதையும் மருந்துக்கடைக்காரர் பேச்சைக் கேட்டுத் தண்ணீரில் கலக்காதீர்கள். கொடுக்க வேண்டிவந்தால் எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

எச்சத்தைப் படம் எடுத்துப் போட்டு "இது என்ன நோய்" என்று கேட்பவர்களுக்கு என்னால் ஊகம்தான் சொல்ல முடியும். செத்த கோழியை ஐஸ் பெட்டியில், உறையவைக்காமல், அன்றே மருந்தகத்துக்கோ மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ கொண்டுபோனால் விடை கிடைக்கும். ஒரே நாளில் பல கோழி செத்தால் அறுத்துச் சாப்பிடவோ யாருக்கும் கொடுக்கவோ வேண்டாம், வெறும் கையால் தூக்கவும் வேண்டாம்; மருத்துவருக்குச் சொல்லிவிட்டு அவர் சொல்கிறபடி ஆழக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

எப்போது தொடங்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் புதுக்கூண்டும் புதுக்கோழியும் சேர்ந்து வந்தால் ஈரத்தோடு போராடவே நேரம் சரியாக இருக்கும். சித்திரையில் வாங்கினால் பயணத்திலேயே வெயில் தாக்கும். தையில் கூண்டை முடித்துவிட்டு, மாசித் தொடக்கத்தில் வெடைகளை வாங்குங்கள்; பிப்ரவரி முகாம் அதற்குள் முடியாமல் இருந்தால் அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். வந்த முதல் ஐந்து நாள் கூண்டைவிட்டு வெளியே விடாதீர்கள். ஆறாம் நாள் மாலை, அடைய ஒரு மணி நேரம் முன் திறந்துவிட்டு, கூண்டுக்குள்ளேயே தீனி வையுங்கள். இருட்டியதும் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் தானாக ஏறியிருக்கும், மரத்தில் அடைந்ததை அன்றைக்கே பிடித்துக் கம்பில் உட்கார வைத்துவிடுங்கள். இரண்டு இரவு மரத்தில் விட்டால் அப்புறம் கூண்டு பக்கம் வராது.